வெறும் உதடு

பரந்தன்
12.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் தம்பியின் பெண்சாதி நேசமலர் எழுதுவது. நான் எடுத்தால் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழிக்கிறதென்றாலும் நாலு வரி வாசித்துவிட்டுத்தானே கிழிப்பீர்கள்.

இங்கே அரிவு வெட்டி முடிந்தது. உங்கள் தம்பி இல்லாமல் வந்த முதல் நெல்லு. மூட்டை ஏற்றும்போது அவர் போடுகிற சத்தம் இல்லை, வளவே செத்துக் கிடக்கிறது.

செத்தவீட்டில் சொல்ல வந்த விசயத்தைத்தான் திரும்ப எழுதுகிறேன். அன்றைக்கு, "என்ர தம்பியை வெட்டக் குடுத்தவள்" என்று கத்தி, என்னைச் சொல்லவிடவில்லை. ஒப்பரேசன் முடிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "உதட்டில இந்தக் கறுப்புப் புள்ளியள் எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"சின்னனில இருந்து ஐயா. அவையின்ர குடும்ப மச்சம். அதிர்ஷ்டமாம்."

அவர் சிரிக்கவில்லை. அப்படிப் புள்ளி இருக்கிற குடும்பங்களில் சிறுகுடலில் கட்டிகள் வளருமாம். வாயால் விட்ட கமராவும் கீழால் விட்ட கமராவும் அந்த நடுக்குடல் வரைக்கும் போகவில்லை. கட்டி எல்லாம் கெட்டதில்லை மச்சாள். அவருக்குள் இருந்ததில் ஒன்றுதான் புற்றாக மாறியது. கூடப்பிறந்த ஆட்களையும் சோதிக்கச் சொன்னார்.

உங்களுக்கும் சாப்பிட்டவுடன் வயிறு முறுக்குகிறது. வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடிக்கிறீர்கள். மகள் சாரங்காவையும் கூட்டிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

நேசமலர்

கனகராயன்குளம்
25.02.2024

நேசமலருக்கு,

எங்கள் குடும்ப மச்சத்தை நோய் என்று எழுதுகிறீர். உம்முடைய மகள் தர்மிளாவுக்கு முதல் பல்லு முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டின அன்று வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கட புள்ளி ஒண்டுமில்லை, தாயின்ர வாய்" என்று நான் சொன்ன எரிச்சல் உமக்கு இன்னும் ஆறவில்லைப்போல.

என் உதட்டில் இருந்ததெல்லாம் வயதோடு மங்கிவிட்டது. புள்ளி போனால் நோயும் போனதுதானே. சாரங்கா பிள்ளைத்தாச்சி. என் மகளின் காதில் இந்தக் கதையைப் போடவேண்டாம்.

ஞானேஸ்வரி

பரந்தன்
03.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உதட்டில்தான் மங்குமாம், கன்னத்தின் உள்பக்கம் மங்காதாம். முகக்கண்ணாடியும் டோர்ச்சும் எடுத்து, கன்னத்தை விரலால் விலத்திப் பாருங்கோ. ஒன்றும் இல்லையென்றால் பரந்தன் சந்தியில் வைத்து என்னை ஏசுங்கோ, கேட்டுக்கொண்டு நிற்பேன். இருந்தால் விடிய முதல் பஸ்ஸில் ஏறுங்கோ.

அவரை வெட்டக் குடுத்தது நான்தான். குடுத்தபடியால்தான் உள்ளே என்ன இருந்தது என்று தெரியவந்தது. அவருக்கு உதவாதது உங்களுக்காவது உதவட்டும்.

அவர் செத்து வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு மரக்கறி அரிய அவருடைய அக்காதான் வரவேண்டும். வேறு ஆளைக் கூப்பிடமாட்டேன்.

நேசமலர்

கனகராயன்குளம்
30.05.2024

என் நேசத்துக்கு,

உம்முடைய கடிதத்தை அடுப்புக்குள் போடத்தான் போனேன். சாரங்கா பறித்து வாசித்துவிட்டு, "அம்மா, ஆ காட்டுங்கோ" என்றாள். டோர்ச் அடித்து, கன்னத்துக்குள் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாய் எண்ணினாள். பிறகு தன் வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

வவுனியாவில் என்னையும் வெட்டித்தான் கட்டிகளை எடுத்தார்கள். பெரியது தேசிக்காய் அளவு. அது குடலைக் குடலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு நின்றதாம், அதுதான் அந்த முறுக்கு. சோதித்த முடிவு நேற்று வந்தது. ஒன்றும் கெட்டதில்லை. ஆனால் இனி விடாமல் காட்டிக்கொண்டு வரவேண்டுமாம். ஓமத்தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிட்டேன்.

சாரங்காவைப் பிள்ளை பிறந்த பிறகு சோதிப்பார்கள். "நேசமாமி வந்தாத்தான் உள்ள போவன்" என்கிறாள். நீர் வரவேண்டும்.

திவசத்துக்கு வருகிறேன். பாரம் தூக்கக்கூடாதாம். பூசணிக்காயை நீர் பிளந்து தாரும், நான் இருந்து அரிகிறேன். தம்பியின் படத்துக்கு முன்னால் உம்மிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, எழுத வரவில்லை.

வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர். பேரப்பிள்ளையின் பல்லுக்கொழுக்கட்டை அன்று வாயைத் திறந்து பார்க்கும்போது, உம்முடைய தர்மிளாவைப்போல வெறும் உதடாக இருக்கவேண்டும்.

உம்முடைய மச்சாள்,
ஞானேஸ்வரி