வேழப்புள் எழவேண்டிய ஆணை

வெண்குன்ற நாட்டின் ஆறுகள் வற்றாதிருக்க! அதன் வானம் பகைநிழல் காணாதிருக்க!

அரியணை அமர்ந்த செங்கோடர் பெருமானின் திருவுளப்படி, படைத்துறை அமைச்சன் நள்ளியூர்க் கொற்றங்குமரன், தென்வெளி வான்கலச் சாலைத் தலைவர் ஆதன் எழினியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சாலையும் தங்கள் மனையும் நலமுறுக.

முதற்பெரும்போர் ஓய்ந்தபின், வடபுலத்தார் மீண்டும் வந்தால் அவர் கோட்டைகள்மேல் அனற்குண்டு பொழிய ஒரு பெருங்கலம் வேண்டுமெனப் பேரவை பணித்ததும், நால்வர் மட்டும் ஏறும் விரைகலம் ஒன்றைத் தாங்கள் வரைந்து தந்ததும் நினைவிருக்கும். ஆனால் போர்க்கலத்துக்கு ஒப்பமளிக்கும் ஒவ்வொரு குலத்துக்கும் அதில் ஓர் இருக்கை என்பது நம் மரபு. கடற்கலத்துக்கு அதனால் கேடில்லை, கடல் தாங்கிக்கொண்டது. வானுக்கு என்ன தலையெழுத்து? காவற்படைக் குலத்தார் மூக்கில் ஓர் இருக்கைக்கூண்டு கேட்டனர். ஒற்றர்படைக் குலத்தார் வயிற்றில் கண்ணாடி மாடம் கேட்டனர். எல்லைப்படைக் குலத்தார், பிறர்க்குக் கிடைத்ததே என்று, வாலில் ஒன்று கேட்டனர். எம் குலத்தின் பெயராலும் முதுகில் ஓர் இருக்கை ஏறியது. பேரவை ஒவ்வொரு முறையும் மகிழ்ந்து கலைந்தது. கலம் ஒவ்வொரு முறையும் கனத்தது. இப்போது வடபுலத்தாரின் சிறுகலங்கள் அதனினும் இருமடங்கு விரைகின்றன.

அதைச் செலுத்துபவன் என் இளவல் இளம்பூதன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சோதனைப் பறப்பு முடிந்து இறங்கியவன், "அண்ணா, இது பறக்கவில்லை, வானம் இரக்கப்பட்டுத் தாங்குகிறது" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூண்டுகளைக் களையத் தாங்கள் வேண்டிய விண்ணப்பத்தை நானே பேரவையில் படித்தேன். ஒரு குலத்தின் இருக்கையை அக்குலத்தின் முத்திரையன்றி வேறெவரும் அகற்றலாகாது என்றனர். முத்திரை தர எவரும் முன்வரவில்லை. மன்னர்பிரான் என் முகம் நோக்காமல் எழுந்து சென்றார். மன்றாடினேன், வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பகைவர் ஆற்றைக் கடந்துவிட்டனர். ஆகவே, இவ்வோலை கண்டதும் வேழப்புள் எனப் பெயரிட்ட அக்கலம் அனற்குண்டுகளுடன் எழுந்து, அவர்க்குப் பின்துணை வாராதபடி வடகரைப் பாலத்தைத் தகர்க்கக் கடவது. இது அரசாணை, இதில் மாற்றமில்லை.

இதன்கீழ் உள்ளது எம் குலமுத்திரை. அது கொண்டு முதுகிலுள்ள எம் இருக்கையை அறுத்தெறிக. ஓர் ஆளின் எடை குறையும். என் தம்பிக்கு என்னால் இயன்றது அவ்வளவே.

செங்கோடர் ஆணை நிற்க. கொற்றங்குமரன் முத்திரை.