சில்லில் வைத்த சந்தனம்

முருகன் துணை

ஸ்ட்ரெதம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் தக்ஷிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் அந்த மலைப்பக்கத்துக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் சைக்கிள் என்று வாய் திறந்தாலே, 'அப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி, உன் சிநேகிதி இசபெல் தன் வான் வண்டியில் கொண்டுவருகிற உன் சைக்கிளின் ஹாண்டிலிலேயே கட்டி அனுப்புகிறேன். சைக்கிளில் ஏற முதல் இதை முழுக்க வாசி.

நீ தெரிந்தெடுத்த சைக்கிள்தான் சரி. முன்னுக்கும் பின்னுக்கும் சஸ்பென்ஷன் உள்ளதுதான் வேண்டும், மலையால் இறங்குகிற றேஸ் என்றால் அதுதான் என்று நான் உன்னோடு எவ்வளவு சண்டை பிடித்தேன், எத்தனை வீடியோ அனுப்பினேன். நீ 'ஓடப்போறது நான், பாக்கப்போறதுதான் நீங்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ள இந்தப் பாவித்த சைக்கிளைப் பார்த்து வைத்தாய். அப்டன் பார்க்குக்குப் போய் அதை எடுத்துவரும்போது கோபத்தோடுதான் வந்தேன். ஆனால் ஸ்ட்ரெதம் கொமன் புல்வெளியில் ஒருக்கா ஓடிப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. ஒரு கையால் தூக்கலாம், ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை, பிரேக்கை ஒரு விரலால் தொட்டாலே அப்படியே நிற்கிறது. முதல் றேஸுக்கு உன் உயரத்துக்கு அளவான சைக்கிள், பழுதென்றால் நீயே பிரித்துப் பூட்டக்கூடிய சைக்கிள் போதும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பூசை செய்யாமல் அனுப்பக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். கார் வாங்கினால் ஆர்ச்வே முருகனிட்டைக் கொண்டுபோறம், மலையாலை இறங்கப்போற பிள்ளையின்ரை சைக்கிளைச் சும்மா விடுறதோ என்று கேட்டாள். எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கிழமை நான் வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். ஐயர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தீபம் காட்டி, சந்தனத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். காரென்றால் முன்பக்கத்தில் வைப்போம். சைக்கிளில் பளபளவென்று வட்டமாக இருந்தது சில்லின் நடுவில் உள்ள பிரேக் தட்டுத்தான், அம்மா இரண்டு தட்டிலும் வடிவாகச் சந்தனம் பூசிப் பொட்டும் வைத்தாள். வெளியே உருட்டிக்கொண்டு வர அது கிறீச் கிறீச் என்று கத்தத் தொடங்கியது. கோயில் தேர்ச் சில்லுகளைப் பார்க்கிற இராஜேந்திரன் அண்ணை வாசலில் நின்றார். 'எண்ணெய் காணாமல் கத்துது தம்பி, விடு நான் பாக்கிறன்' என்று விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அந்தத் தட்டுகளிலேயே விட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொடுத்தேன். சத்தம் நின்றது. 'பாத்தியோ' என்றார். 'ஓம் அண்ணை' என்றேன்.

காரில் ஏற்ற முதல் உனக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோம் என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் ஓடினேன். கீழே சனம் பஸ்ஸுக்கு நிற்கிறது. பிரேக்கைப் பிடிக்கிறேன், லீவர் இறுகுகிறது, சில்லு நிற்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை, தக்ஷி. சனத்தில் மோதாமல் ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்குள் கொண்டுபோய் விட்டேன். முழங்கால் தோலும் வேட்டியும் போனதோடு தப்பினேன். அம்மா ஓடிவந்து, முருகன் காப்பாத்திப்போட்டான் என்று அழுதாள். இது உன் மலையில் நடந்திருந்தால் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது, இன்னும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புகளைப் படம் எடுக்கிற பிள்ளைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிரேக் தட்டில் எண்ணெய் படக்கூடாது என்று நான் பார்க்கிற சானல்களிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் பாய்கிறதையும் முந்துகிறதையும் பார்ப்பேன், கழுவித் துடைக்கிறது வந்தால் அலுப்பென்று தள்ளிவிடுவேன். நேற்று இங்கே கடையில் கொடுத்துத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பித்து, எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை எறிந்துவிட்டுப் புதிது போட்டாயிற்று. ஆனால் புதுக் கட்டை உடனே பிடிக்காதாம். சமநிலத்தில் வேகமாக ஓடி ஓடி, பலமுறை இறுக்கிப் பிடித்துப் பழக்க வேண்டுமாம். அதை நான் செய்யவில்லை. என் கை பட்டது போதும், உன் கையாலேயே செய். அம்மாவிடம் எண்ணெயைத்தான் சொன்னேன், அது முதலில் கத்தியதே தட்டில் பூசிய சந்தனத்தால்தான் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே, பிறகு அவள் சாப்பிடமாட்டாள். அவளுக்காகச் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன், அங்கே அது ஒன்றும் செய்யாது.

இந்த முறை றேஸுக்குப் போகாதே என்று எழுதி, இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நீ எவ்வளவு காலம் ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். போ. ஆனால் றேஸ் தொடங்குகிற கோட்டில் நிற்கும்போது பிரேக் சந்தேகமாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு வந்துவிடு, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். இசபெல் கீழே அம்மாவின் வடையைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள், வானில் ஏற்றக் கூப்பிடுகிறாள்.

முருகன் உன்னோடு வருவான், அம்மாவின் ஆசியும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு. றேஸ் முடிந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் எடு. இன்னொன்று. போன கிழமை போனில் 'பிரேக்கைத் தொடுறவை வெல்லுறேல்லை' என்று உனக்குப் பெரிய கதை சொன்னேன் அல்லவா. அதை மறந்துவிடு, பிள்ளை. இரண்டு விரலும் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
றஜீவன்