துண்டு மாட்டும் கம்பி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அடையாறில் கடல் காற்று வரும் என்று சொல்லி இந்த வீட்டை விற்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று: இட்லி மாவு, இஸ்திரித் துணி, கோயம்புத்தூர் பட்டறைக்குப் போன்.

பட்டறைக்காரர்: "இன்னும் பத்து நாள் மேடம். தேக்கு காயணும்." போன மாதமும் அது காய்ந்துகொண்டுதான் இருந்தது. குளியலறையில் மாமா பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. தேக்கு, இரண்டு முனையிலும் பித்தளை. ஸ்டீல் கம்பி தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம். என் கருங்கல் சுவரில் அதுவா!

மாமா, இவருடைய அப்பா. எழுபத்தாறு வயது. தி.நகர் வீட்டைக் காலி செய்து எங்களோடு வந்து நாலு மாதம். கைப்பிடி எப்போது வரும் என்று இதோடு மூன்றாவது தடவை கேட்டுவிட்டார். காரணம் சொன்னேன். "சரிம்மா, நல்லதாவே வரட்டும். நான் மெதுவா போயிக்கிடுதேன்."

ஜூலை 10, வியாழன்

மாமா விழுந்துவிட்டார்.

நான் சமையலறையில். பித்தளை டம்ளரை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், போனில் போட. கீழே போட வாசகமும் தயார்: "கையில் பிடிக்கும் பொருள் அழகாக இருந்தால் அன்றாடத்துக்கே ஓர் அர்த்தம் வரும்." அப்போதுதான் சத்தம்.

குளியலறை ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கும்போது துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்திருக்கிறார். அது சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்தக் கம்பியும் நான் தேடித் தேடி வாங்கியது. திருகாணி நாலு வேண்டாம், இரண்டு போதும், வெளியே தெரியக் கூடாது என்று நின்று மாட்டவைத்ததும் நான்தான்.

ஜூலை 12, சனி

இவர் தங்கை கலா வந்தாள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ்.

"எப்படிப்பா விழுந்தீங்க?"

"சோப்பு வழுக்கிட்டு. என் கவனக்குறைவுதான்." மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு இடித்தது. "காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

கிளம்பும்போது கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கறதால எங்களுக்குக் கவலையே இல்ல, அண்ணி." இவர் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவந்தார். நான் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே. வெட்கம். இவரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பிளம்பர் ஏழுமலை. ஸ்டீல் கம்பி. துளை போட்டு, மாட்டி, தொங்கியும் காட்டினார். இருபது நிமிட வேலை.

"இன்னாம்மா, கடையிலயே கீது. இதுக்குப் போயா இம்மாம் நாள் காத்துகினு இருந்தீங்கோ?"

பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கம்பி அசிங்கமாகத்தான் இருக்கிறது. இப்போதும் அது கண்ணில் உறுத்துகிறதே என்று என் மேலேயே ஆத்திரம்.

மாமாவை அழைத்துப்போய்க் காட்டினேன். இடது கையால் பிடித்து அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உன் சுவரு கெட்டுப்போச்சேம்மா."

அங்கேயே நின்று கலாவுக்குப் போன் செய்தேன். அப்பா சோப்பில் வழுக்கி விழவில்லை என்று ஆரம்பித்தேன். கைப்பிடி, பட்டறை, மூன்று தடவை கேட்டது, எல்லாம் சொன்னேன்.

"தெரியும் அண்ணி. அன்னைக்கு என்னை விட வரும்போதே அண்ணன் சொல்லிட்டாங்க. 'அவகிட்ட ஒண்ணும் கேட்காதே'ன்னாங்க."