குடையில் விழுந்த முத்திரை

பிப்ரவரி 27, வியாழன்

ஆற்றுப்பாலம் இடிந்த வருஷம், ரயில்காரர்கள் இருபத்தாறு நாள் வேலைக்குப் போகாத வருஷம், என் அப்பா புகையிலையை விட்ட வருஷம் - அந்த வருஷம்தான் டெய்லர் முதன்முதலாகத் தேர்தலில் நின்றான். எனக்குப் பத்தொன்பது வயது. ஓட்டு இல்லை. சுவரில் சின்னம் வரைய அவனுக்கு ஏணி தூக்கினேன். அன்று ஒட்டிய பெயர். இன்றும் தெருவில் நான் ஏணிதான்.

மாநகராட்சிக்கு ஏழு தடவை, சட்டமன்றத்துக்கு நாலு தடவை நின்றிருக்கிறான். பதினொன்றிலும் தோல்வி. எந்தத் தேர்தலில் எத்தனை ஓட்டு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். எழுத்து தெரியாதவனுக்கு மண்டைதான் நோட்டு. இந்த நோட்டில் சொல்வது நான், எழுதுவது மருமகள். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ஒரு சொல்லைக் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள்.

இன்று காலை டெய்லர் வந்தான். இரண்டு மாடி ஏற மூன்று இடத்தில் நின்றிருக்கிறான். உதடு நீலமாக இருந்தது.

"இந்தத் தடவையும் கவுன்சிலருக்கு நிக்கிறேன்டா."

"முதல்ல உட்காரு. நிக்கிறதை அப்புறம் பார்ப்போம்."

கட்சி இல்லாதவன் மனு கொடுக்க வேண்டுமானால் வார்டுக்காரர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். முன்பெல்லாம் ஒரு மாலையில் முப்பது பேர் கிடைப்பார்கள். இப்போது புதுக் கட்டடத்துக்காரர்கள் கதவையே திறப்பதில்லை. கடைக்காரர்களுக்கு, தேர்தலில் எதிர்த்து நிற்கும் பஸ் முதலாளியிடம் பயம். எட்டு நாள் அலைந்து ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறான். பத்தாவது நான். கையெழுத்துப் போடுகிறவர்கள் வீட்டிலிருந்தே போடலாம். கைநாட்டுக்காரன் மட்டும் அதிகாரி முன்னால் போய் விரலை வைக்க வேண்டும். கடைசி நாள் அடுத்த வெள்ளி, மூன்று மணி.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். சட்டையைப் போட்டுக்கிட்டு ரெடியா இரு," என்று சொல்லிப் போனான்.

மார்ச் 2, ஞாயிறு

டெய்லரின் மனைவி வந்தாள். இருபது வருஷமாக எங்கள் படி மிதிக்காதவள். தேர்தல் என்றாலே அவளுக்கு நான் ஆகாது. உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

மருமகள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இருதயம் கால் பங்குதான் வேலை செய்யுதாம் மாமா. படி ஏறக் கூடாது, வெயில்ல நடக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"தேர்தல்ல இந்த மூணையும் தவிர வேற என்ன இருக்கு அண்ணே?" என்றாள் அவன் மனைவி. "டாக்டர் என்கிட்ட தனியாச் சொன்னாரு. இருபது நாள் தெருத்தெருவா அலைஞ்சா இருபத்தோராம் நாள் இருக்க மாட்டாராம்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அப்ப இருபது நாள் இருக்கில்ல'ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுல இருக்காதீங்க அண்ணே. எங்கயாவது போயிடுங்க. மூணு மணி தாண்டினாப் போதும். உங்க விரல் இல்லாம அந்தத் தாள் செல்லாது."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இறங்கிப் போகும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். அவளுக்கும் வயதாகிவிட்டது.

மார்ச் 3, திங்கள்

வலது கட்டைவிரலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் அடிபட்டதா என்று கேட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஒளிந்துகொள்ளலாம். கொலைக்கு உடந்தையாவதைவிட அது மேல். ஆனால் என்னால் சுலபமாக முடியவில்லை. காரணம் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மருமகளே, நீ எழுது, எழுதிவிட்டு மற.

அவனுடைய முதல் தேர்தலில் சின்னம் குடை. நான் ஏறாத சுவர் இல்லை. தெருவில் இருந்த எழுத்து தெரியாதவர்களுக்கெல்லாம் குடை, குடை என்று ஓதி வைத்தேன். இரண்டாவது தேர்தல் வந்தபோது அவனுக்கு மேசை விளக்கு கிடைத்தது. குடையை எதிராளி ஊர் பேர் தெரியாத ஒருவனை நிறுத்தி அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். அந்த ஆள் வார்டுப் பக்கமே வரவில்லை.

பதினைந்து நாள் விளக்கு விளக்கு என்று கத்தினேன். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. மறைவுக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். விளக்கு மேலே இருந்தது, குடை கீழே இருந்தது. கண் விளக்கைப் பார்த்தது, கை முத்திரையைக் குடையில் குத்தியது. அப்புறம் அழிக்க முடியுமா? மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, விளக்கு வாழ்க என்று கத்தினேன்.

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றான். பதினொன்றில் அவன் ஜெயித்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். குடைக்காரனுக்கு விழுந்தது அறுபத்து மூன்று. அத்தனையும் நான் ஓதி வைத்த தெரு.

இந்த விரலை இப்போது அவனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

மார்ச் 5, புதன்

ஒளியவில்லை. நானே அவன் கடைக்குப் போனேன். மிஷினில் உட்கார்ந்து ஏதோ காற்சட்டைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன்.

"வெள்ளிக்கிழமை நான் வரல."

மிஷின் நின்றது. "வீட்டுக்காரி வந்தாளா?"

"நானேதான் சொல்றேன்."

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும்டா. கண்ணாடியில பாரு." அப்புறம் அவன் குரல் இறங்கியது. "நான் ஜெயிக்கவா நிக்கிறேன்னு நினைக்கிற? பஸ் முதலாளியைத் தவிர ஒருத்தன் மனு போடல. நானும் போடலன்னா பூத்தே திறக்க மாட்டாங்க. மூணு மணி அடிச்சதும் அவன் கவுன்சிலர். நம்ம வார்டுல ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்காம. பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

எனக்கு அது தெரியாது.

"அம்பத்தஞ்சு வருஷத்துல உன் கை ஒரு தடவை என்னை விட்டதில்லடா," என்றான்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடை, விளக்கு, மறைவு, அறுபத்து மூன்று. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவன் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டிருந்தான்.

"அறுபத்து மூணுல ஒண்ணு என்னோடதுடா," என்றான்.

"என்ன சொல்ற?"

"நானும் குடையிலதான் குத்தினேன். வேட்பாளர். விளக்கு பேட்ஜை நெஞ்சுல மாட்டிக்கிட்டு. வெளியில வந்து பத்தடி நடந்தப்புறம்தான் உறைச்சது. இதுவரைக்கும் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல."

இரண்டு கிழவர்களும் சிரித்தோம். அவனுக்கு இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் செருகி - பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மிடறுதான் உள்ளே போனது. கை குளிர்ந்து கிடந்தது. மூச்சு சீராகக் கால்மணி ஆனது.

அந்தக் கால்மணியில்தான் எனக்குத் தோன்றியது.

"நீ நிக்காத. நான் நிக்கிறேன். நீ பத்தாவது கையெழுத்துப் போடு."

"உனக்குப் பேப்பரைத் தலைகீழாக் கொடுத்தாலே தெரியாதேடா."

"எனக்குத் தெரு தெரியும். முப்பத்தோரு வருஷம் மாநகராட்சிக்கு அந்தத் தெருவைத் தோண்டினவன். எந்தக் குழாய் எங்க திரும்புதுன்னு பஸ் முதலாளிக்குத் தெரியுமா?"

அவன் என்னை முறைத்தான். கோபம்தான். பதினொரு தடவை நின்றவனிடம் நாற்காலியைக் கேட்கிறேன். கடைசியில் "பேச்சை நான்தான் எழுதுவேன்" என்றான்.

மார்ச் 6, வியாழன்

புதுத் தாள். ஒன்பது பேரிடமும் மறுபடி கையெழுத்து. டெய்லர் கடையை விட்டு நகரவில்லை, நான்தான் படி ஏறினேன். முட்டி கழன்றுவிட்டது. எட்டுப் பேர் போட்டார்கள். முடிவெட்டுகிறவன் நாளை காலை என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் போனால் முடிவெட்டும் கடை பூட்டியிருக்கிறது. பஸ் முதலாளியின் ஆள் நேற்று வந்து பேசிவிட்டுப் போனானாம். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். "என் கையில மாவு இருக்கு" என்றார். அவர் விற்பது செருப்பு.

டெய்லரோடு சேர்த்து ஒன்பது. மணி ஒன்று அடித்தது. பதினேழு கதவு தட்டினேன், மூன்றுதான் திறந்தது. ஒருவர் வேறு வார்டு. ஒருவர் கேட்காமலே கையைக் கூப்பினார். ஒரு அம்மா பட்டியலில் பெயர் இல்லை என்றாள். இரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்பி வந்து தாளை மிஷின் மேல் வைத்தேன். டெய்லர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டான், தானே தெருவில் இறங்குவதாக.

உள்ளறையிலிருந்து அவன் மனைவி வந்தாள். அவன் தோளில் கைவைத்து உட்கார வைத்தாள். பொத்தானைக் கழற்றினாள்.

"எங்க போடணும் அண்ணே?"

டெய்லர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான். பிறகு, "கடைசிக் கட்டத்துல. கோட்டுக்கு வெளிய போகாமப் போடு," என்றான். "எனக்கே சொல்லித் தர்றீங்களா" என்றாள். போட்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு அதிகாரி மேசையில் இருந்தேன். அவர் என் விரலை மையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "படிக்கத் தெரியாம கவுன்சிலராகி என்ன பண்ணப் போறீங்க பெரியவரே?"

"படிச்சவங்க கையெழுத்துப் போட்ட சாக்கடைதான் சார் எங்க தெருவுல பொங்குது."

வாங்கிக்கொண்டார்.

மார்ச் 30, ஞாயிறு

பூத் திறந்தது. வரிசை தெருமுனை வரை. முடிவெட்டுகிறவனும் நின்றான், என்னைக் கண்டதும் காலணி வாரைச் சரிசெய்தான். எனக்குச் சின்னம் தண்ணீர்க் குழாய். இந்தத் தடவை விரல் சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

தோல்வி. எனக்கு ஐந்நூற்றுப் பதினெட்டு. டெய்லர் முதல் தடவை வாங்கியதைவிட இருநூற்றாறு கூட. "பேச்சு என்னோடதாச்சே" என்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டெய்லர் போய்ப் பதினொரு நாள். வெயிலிலும் இல்லை, தெருவிலும் இல்லை. மத்தியானம் மிஷின் நாற்காலியில், வாயில் நூலோடு. வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தாள். தேர்தல் முடிந்து ஐந்து மாதம் அவன் இருந்தான். அது அவளுக்குக் கிடைத்தது.

இன்று பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அவனுடைய முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார். நான் கண்ணை மூடிச் சொன்னேன்.

பால்காரர். பாலம் இடிந்த வருஷத்துக்கு அடுத்த வருஷமே போனார். அவர் அண்ணன். மரக்கடைக் கணக்குப்பிள்ளை. நெட்டை டிரைவர், பிரேக் பிடிக்காமல். கம்பவுண்டர். வெற்றிலைக் கடை இரட்டையர், மூத்தவர் போன மூன்றாம் மாதம் இளையவர். பள்ளிக்கூடத்து மணியடிக்கிறவர். என் அப்பா, புகையிலை விட்டும்.

ஒன்பது ஆயிற்று. பத்தாவது, அப்போது கல்யாணமாகி நாற்பது நாள் ஆன பெண், கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போயிருந்த கையெழுத்து. அவள் ஒருத்திதான் இருக்கிறாள். டெய்லரின் வீட்டுக்காரி.