முச்சந்தியில் கிடந்த ஹெட்லைட்

அன்புள்ள மகன் சந்திரமோகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பூமிகா எழுதுகிறாள். இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், எல்லையில் அந்தப் பனியில் நீ ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு படுக்கிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். பேனாவை எடுக்கும் முன்பே இவள் ஒன்று சொன்னாள். காலையில் பால் ஊற்றப் போனபோது பார்த்தாளாம், முச்சந்தியில் நான் போட்ட ஹெட்லைட் இன்னும் அப்படியே கிடக்கிறதாம், பழைய இரும்பு பொறுக்குகிறவன்கூட ஒதுங்கித்தான் போகிறானாம். திருஷ்டி கழித்ததை ஏன்டி பார்த்தாய் என்று திட்டினேன். என்ன ஹெட்லைட் என்று நீ கேட்பாய். பயப்படாதே, யாருக்கும் அடி இல்லை.

போன வாரம் அப்பா நீ வாங்கிக் கொடுத்த காரில் ஊத்துக்கோட்டை போய் உரம் வாங்கிக்கொண்டு வந்தார். தேர்வாய் கண்டிகை வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் மைல்கல்லில் இடித்துவிட்டார். முன்பக்கம் நசுங்கி, இடது ஹெட்லைட் உடைந்து தொங்கியது. அங்கிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்தார், சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள் என்றார்களாம். தொடாதீர்கள் என்றால் ரிப்பேர் செய்யக் கூடாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அதனால் வண்டி வந்ததும் மஞ்சள் தண்ணீரால் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றினேன். உடைந்த கண்ணாடியை வீட்டில் வைப்பார்களா? தொங்கிய ஹெட்லைட்டையும் பிடுங்கிப் பூசணிக்காயோடு முச்சந்தியில் போட்டுவிட்டேன்.

நேற்று சர்வேயர் வந்தார், சரவணகுமார் என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். இன்னாம்மா, அடிபட்ட வண்டிய பொண்ணு பாக்க வர்ற மாரி பொட்டு வச்சி நிக்க வச்சிக்கிறீங்க என்று சிரித்தார். போட்டோ எடுத்துக்கொண்டே வந்தவர், லைட்டு இல்லாத இடத்தைப் பார்த்து, இத்த நான் கழிச்சிடுவேன் என்றார். உங்களுக்கு எதுக்கு சார் செரமம், நானே கழிச்சிட்டேன் என்று சொன்னேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகுதான் விளக்கிச் சொன்னார்கள், கழிப்பது என்றால் அந்தச் சாமானுக்குக் கம்பெனி கொடுக்காதாம். உடைஞ்சத நான் கண்ணால பாக்கணும்மா, வண்டி ஒர்க்ஷாப்புக்கு வர்றப்ப அத்தயும் எட்த்துனு வாங்க, சேத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. மற்றதற்கெல்லாம் குறை சொல்லவில்லை. பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் வருமாம், தகரத்துக்குப் பெரும்பாலும் வந்துவிடுமாம், பணம் நேராக ஒர்க்ஷாப்புக்கே போகுமாம்.

ஆனால் கழித்துப் போட்டதைத் திரும்ப எப்படிப்பா வீட்டுக்கு எடுத்து வருவது? எடுத்தவர்களைப் பிடித்துக்கொள்ளாதா? அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. புள்ள சம்பாரிச்ச வண்டிய ஒத்தக் கண்ணு ஆக்கிட்டனே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் அக்கா ரம்யாவுக்கு இது நிறைமாதம், வலி எடுத்தால் அந்த வண்டியில்தான் திருவள்ளூருக்குக் கூட்டிப் போக வேண்டும். வண்டி நாளைக்கு ஒர்க்ஷாப்புக்குப் போகிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று என் மனசு சொல்கிறது, நீ லீவில் வரும்போது ஸ்டேஷனுக்கு அதிலேயே வருவோம்.

பாலிசி உன் பெயரில் இருப்பதால் கம்பெனியிலிருந்து உனக்கு போன் வரும், சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருந்தால் எடுத்துப் பேசு. அப்பாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. திருத்தணி முருகன் உன் கூடவே இருப்பான்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பூவம்மாள்

அண்ணா, இனி நான் எழுதுவது. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார்கள். நேற்று அந்த சார் பேசும்போது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன், நான் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது காலி உரப் பையோடு முச்சந்திக்குப் போய் எடுத்து வந்துவிட்டேன். ஒரு துண்டுகூட விடவில்லை. அப்பா பார்த்தார். வந்து டிக்கியைத் திறந்துவிட்டார். பையை உள்ளே வைத்தேன், கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.