சம்பந்தியின் ஜி.பி.எஸ்.ஸில் நம் ஊர்

அன்பு மகள் லொரிண்டாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள், பென்சிலை அழுத்திப் பிடித்து விரல் வலிக்கிறது, ஆனாலும் எழுபத்தொரு வயதில் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம், நிறுத்த மனம் வரவில்லை. நான் சௌக்கியம். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளை டெர்ரியும் நலமா? இங்கே ஓக்லஹோமாக் காற்று வழக்கம்போலக் கூரைத் தகரத்தைப் பிடுங்கப் பார்க்கிறது. நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் திருமதி பிரூட், இனிமே ரோட்டுப் பலகை எல்லாம் நீங்களே படிக்கலாம் ஆர்வில் என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்க் சிட்டியில் உன் மாமனார் ஹார்லன் வீட்டுக்குப் போனேன். செப்டம்பரில் நீங்கள் வந்து அவரோடு பழைய அறுபத்தாறாம் நெடுஞ்சாலையில் கலிபோர்னியாக் கடல்வரை போகப்போவதை அவர் வாயால்தான் கேட்டேன். நான் பெற்ற பெண், என் வாசலில் ஓடும் ரோடு, பயணம் மட்டும் சம்பந்தியோடு. வயிறு எரிந்தது கண்ணு, மறைக்கமாட்டேன். புது ஜி.பி.எஸ். கருவியை மேஜையில் வைத்துக் கோழிக்குஞ்சைப்போலத் தடவுகிறார். சேரும் ஊரை மட்டும் போட்டால் அது வேகமான வழி என்று புது நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுமாம், பழைய ரோட்டிலேயே போக ஒவ்வொரு சின்ன ஊரையும் நிறுத்தமாகப் போடவேண்டுமாம். பாருமய்யா, இந்த நீலக் கோடு என் மருமகளுக்காக நானே போட்டது என்று மார்தட்டினார். கருவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரலும் வழி சொல்கிறது. நான் வழி சொன்னால் உன் அம்மா, உனக்கென்ன தெரியும் சும்மா வா என்பாள். இவரோ அந்தக் குரலுக்குச் சரிம்மா சரிம்மா என்கிறார்.

கோட்டில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். எரிக் இருந்தது, டெக்சோலா இருந்தது, நடுவில் நம் ஊர் மார்லோ பெண்ட் இல்லை. கோடு அங்கே மட்டும் புது நெடுஞ்சாலையில் ஏறி நம் வீட்டைத் தாண்டித்தான் இறங்குகிறது. கேட்டால், நாலு வீட்டு ஊர்ல என்னய்யா இருக்கு, உம்மைத்தான் திரும்பி வரும்போது பாப்பாங்களே என்று சிரித்துக்கொண்டே பெக்கான் பருப்புப் பலகாரம் எடுக்க உள்ளே போனார். எனக்குத் தாங்கவில்லை. அவர் ஊர்களைப் போட்டதைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதேபோல நம் ஊர்ப்பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினேன். கோடு மெல்ல வளைந்து நம் தெருவில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டோடு வந்தவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீரா போட்டீர் என்றார். நானேதான் என்றேன். இப்படியே விட்டா முன்சீட்டும் கேப்பீர் போலிருக்கே என்றார். கேப்பேன்தான் என்றேன். நம் ஊரை அவர் அழிக்கவில்லை, சீட்டு விஷயத்தை உம்ம பொண்ணு சொல்லட்டும் என்று பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஆகவே நீதான் சொல்லவேண்டும் கண்ணு. வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு கையாட்டிவிட்டுப் போய்விடாதே, பின்சீட்டில் ஓர் ஓரம் போதும். முன்சீட்டு என்றால் சம்பந்தி பின்னால் உட்காரட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. அடுத்த வாரம் இன்னும் நேராக எழுதுவேன். பதிலைப் போனில் சொல்லாதே, பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு, நானே படிக்கவேண்டும், எல்க் சிட்டிக்குக் கொண்டுபோய் அவருக்கும் உரக்கப் படித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற அப்பா,
ஆர்வில்