வெளித்தாங்கியில் நுழையாத உன் ஸ்கீக்கட்டைகள்

என்னை இன்னமும் கோபப்படுத்திக்கொண்டிருக்கிற என் அன்பு வதனிக்கு,

தாங்கிகளை மாற்றிவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். மலைக்கு ஆட்களை ஏற்றும் கொண்டோலாக் கூட்டின் கதவுக்கு வெளிப்பக்கத்தில், பனியில் சறுக்கும் ஸ்கீக்களைச் செருகி வைப்பதற்கு ஒரு தாங்கி இருக்கிறதே, அதன் இடைவெளி இப்போது அகலம். போன சனிக்கிழமை அங்கே வேலைக்கு நின்ற பெண் உன்னுடைய கட்டைகளை என் கையிலிருந்து வாங்கி, ஒரு தள்ளுகூடத் தள்ளாமல் உள்ளே இறக்கினாள். பேசாமல் போய் இருந்தன. பதினைந்து பனிக்காலம் இந்தச் சனியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையேறியவன் நான். நீ போன ஒன்பது மாதத்துக்குள் அகலமாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வேறு யாரிடம் சொன்னாலும் அடியிலிருந்து விளக்க வேண்டும். ரொறன்ரோவில், எங்கள் மோர்னிங்சைட் பக்கத்துச் சனத்துக்கு ஸ்கீ என்றால் ஸ்கீதான். அதில் அகலம், ஒடுக்கம் இருக்கிறதென்று எவருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருந்ததா? ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை லாப்பில் உன்னோடு வேலை செய்த மார்கரெட் தன்னுடைய பழைய கட்டைகளைத் தந்தாள் என்று நீ ஒரு நாள் காரிலிருந்து இறக்கினாய். செம்மஞ்சள் நிறம். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விட அகலம். மேற்குக் கரை மலைகளில், முழங்கால் ஆழப் பொடிப்பனியில் மிதந்து போவதற்காகச் செய்தவை. எங்கள் ஒன்ராறியோக் குன்றில் அப்படியான பனி எங்கே கிடக்கிறது? அது சீமெந்துபோல இறுகின பனி. வாடகைக் கடைக்காரன்கூடத் தலையில் கை வைத்தான். நீ என்ன சொன்னாய்?

"அகலமா இருந்தால் விழமாட்டன் எண்டு நினைக்கிறன். எனக்கு உது பிடிச்சிருக்கு, விடுங்கோ."

நாற்பத்து நான்கு வயதில் ஸ்கீ பழகத் தொடங்கியவள் நீ. சரி, பழகு. ஆனால் இறங்குவதற்குப் பயமில்லாத உனக்கு ஏறுவதற்குப் பயம். கம்பியில் தொங்கும் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் தனியே இருக்கமாட்டாய். அது ஆடினால் என் கையை நகம் பதியப் பிடிப்பாய். அதனால் ஸ்கீ என்றால் என்னவென்றே தெரியாத நான், சாதாரணச் சப்பாத்தோடு, ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்து, உனக்குத் துணையாக மேலே ஏறி, உன்னை இறக்கிவிட்டு, அதே கொண்டோலாவில் தனியே கீழே வருவேன். ஒரு நாளில் நாலைந்து தரம். உலகத்தில் வேறு எந்தப் புருசனாவது இப்படி அலைந்திருப்பானா?

அலைந்தது பரவாயில்லை. அந்தக் கட்டைகள்தான். மற்றவர்கள் தங்களுடையதை வெளித்தாங்கியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு உள்ளே போவார்கள். உன்னுடையது நுழையாது. "உள்ளே, உள்ளே" என்று வேலைக்கு நிற்பவர்கள் கையைக் காட்டுவார்கள். கொண்டோலா எங்களுக்காக நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும், கதவு மூடப்போகும். அதற்குள் நான் இரண்டு கட்டைகளையும் சரித்துப் பிடித்துக்கொண்டு பாய வேண்டும். ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு நிற்க வேண்டியவை, அகலத்தால் கொழுவாமல் கத்தரிக்கோல்போல விரியும். விளிம்பு கத்தி. என் பெருவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அடியில் ஒட்டிய பனி உருகி எதிரில் இருப்பவரின் மடியில் சொட்டும். மேலே போய்ச் சேரும்வரைக்கும் "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டிருப்பது நான். நீ கண்ணை மூடிக்கொண்டிருப்பாய்.

ஒரு தரம் நீ கேட்காமல் ஒன்றைத் தாங்கிக்குள் பலமாக இடித்துச் செருகினாய். அது பாதியில் இறுகி, மேலே போனதும் கழலாமல், அவர்கள் முழு லைனையும் நிற்பாட்ட வேண்டியதாயிற்று. மலை முழுக்கச் சனம் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் சுத்தியலோடு வந்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உன்னை என்ன செய்யலாம், சொல்?

இது எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கோபம். மற்றக் கோபத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது.

போர் முடிந்த வருடம். மாசி, பங்குனி. உன் பெரியக்காவும் அத்தானும் பெண்பிள்ளைகள் இரண்டும் வன்னிக்குள். ஏழு கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. நான் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் சப்வே எடுத்து நகர நடுவுக்கு, ரவுண்ரவுனுக்குப் போய், போரை நிற்பாட்டச் சொல்லிச் சனத்தோடு சனமாகக் குளிரில் பதாகை பிடித்துக்கொண்டு நிற்பேன். "சனிக்கிழமை எங்க அண்ணை, ரெண்டு பேரையும் காணேல்லை?" என்று கேட்பார்கள். "வேலையில" என்பேன். நீயும் கிழமை நாட்களில் என்னோடு வந்து நின்றாய், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்தச் செம்மஞ்சள் கட்டைகளைத் தூக்கிக் காரில் போடுவாய்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் வாயை விட்டுவிட்டேன். "அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. உனக்குச் சறுக்கிறதுக்கு மனம் வருதோ?" என்றேன். நீ கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு இருந்தாய். சண்டை பிடிப்பாய் என்று பார்த்தேன். நீ பிடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கு நித்திரை இல்லை. சாப்பிடேக்கையும் அதுதான் நினைப்பு. லாப்பில ரத்தச் சோதனைக் குழாயைக் கையில எடுத்தாலும் அதுதான். அந்த மலையில இறங்கேக்கை மட்டும்தான் ஒண்டும் ஞாபகம் வாறேல்லை. விழாமல் நிக்கிறதைத் தவிர வேற ஒண்டும் இல்லை. பத்து நிமிசம். அதை எனக்குத் தாங்கோ."

நான் திறப்பை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

முதல் தரம் உன்னை மேலே விட்டுவிட்டுத் தனியே கீழே வந்துகொண்டிருந்தேன். விழுந்து ஒரு போனை உடைத்த பிறகு நீ உன் போனை என்னிடம் தந்துவிட்டுத்தான் இறங்குவாய் அல்லவா? பாதி வழியில் அது அடித்தது. தெரியாத இலக்கம்.

"வதனியோ?"

பெரியக்காவின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அக்கா, நான் குணம்."

"தம்பி, நாங்கள் வவுனியாவுக்கு வந்திட்டம். ஆஸ்பத்திரியில நிக்கிறம். நானும் பிள்ளையள் ரெண்டும். ஆரோ ஒரு புண்ணியவான் போன் தந்தவர். அத்தான் வரேல்லை."

"வரேல்லை எண்டால், அங்கயே நிக்கிறாரோ?"

"இல்லைத் தம்பி. அவர் இல்லை. வதனியைக் கூப்பிடும், கெதியா. போனைக் கேட்கினம்."

அந்த நேரம் நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எனக்கு நேர் கீழே நீ. ஊதா ஜக்கெற். அந்தச் செம்மஞ்சள் கட்டைகளை எந்தத் தூரத்திலும் அடையாளம் பிடிக்கலாம். மெதுவாக, வளைந்து வளைந்து, கைகளை விரித்துக்கொண்டு இறங்கினாய். நான் கண்ணாடியில் அறைந்தேன். கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை, எப்படிக் கேட்கும்? உன்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அவ வேலைக்குப் போட்டா அக்கா."

"வேலையோ," என்றார் பெரியக்கா. பிறகு லைன் இல்லை. திருப்பி எடுத்தேன், எடுத்தேன், எவரும் எடுக்கவில்லை.

நான் கீழே வந்து நின்றேன். நீ வந்தாய். முகமெல்லாம் சிவந்து, மூக்கால் தண்ணி ஓட, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல்லுத் தெரிந்தது. "ஒருக்காலும் விழேல்லை. மேல இருந்து கீழ வரைக்கும் விழேல்லை. இன்னொருக்காப் போவம்" என்றாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். பதினைந்து வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றாய். கட்டைகளைத் தூக்கிக்கொண்டு உன்னோடு திரும்ப ஏறினேன். எதிரில் இரண்டு வெள்ளைக்காரர் இருந்தார்கள். முதல் தடவையாக அந்த அகலத்துக்கு நன்றி சொன்னேன், இரண்டு கட்டைகளையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்தேன். மேலே உன்னை இறக்கிவிட்டேன். நீ இன்னொரு தரம் இறங்கினாய். பிறகு, கார் நிறுத்துமிடத்தில், நீ சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னேன்.

நீ முதலில் அத்தானுக்காக அழவில்லை. "எப்ப எடுத்தவ?" என்று கேட்டாய்.

"முதல் தரம் நீ இறங்கேக்கை."

"அப்ப தெரிஞ்சுகொண்டோ என்னோட திரும்ப ஏறினனீங்கள்?"

வீடு வந்து சேரும்வரைக்கும் நீ அந்த இலக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாய். அக்காவையும் பிள்ளைகளையும் அகதி முகாமுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவின் குரலை நீ கேட்க அந்த வருடக் கடைசி ஆயிற்று. அதுவரைக்கும் கட்டைகளைத் தொடவில்லை. அடுத்த பனிக்காலம் நீயாகவே எடுத்தாய், நானும் திரும்பச் சுமக்கத் தொடங்கினேன். ஆனால் எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், சோற்றில் உப்புக் கூடினதிலிருந்து கார் இன்சூரன்ஸ் வரைக்கும், கடைசியில் அங்கேதான் போய் முடியும். "நீங்கள் எனக்கு ஒளிச்சனீங்கள்தானே." நீ கேட்ட பத்து நிமிடத்தைத்தானே நான் இன்னொரு தரம் தந்தேன்? அதைக் குற்றமென்று எப்படிச் சொல்லலாம்? இப்போதும் கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தும்.

அது போதாதென்று, வேலையில் நின்றாய் என்ற பொய்யை அக்காவிடம் திருத்தவும் நீ விடவில்லை. வவுனியாவுக்குப் போய் அவரோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாய், அப்போதும் சொல்லவில்லை. "அத்தான் செத்த சேதி வரேக்கை நான் சறுக்கிக்கொண்டு நிண்டனான் எண்டு அக்காவுக்குச் சொல்லச் சொல்லுறியளோ?" என்று என்னில் பாய்ந்தாய். ஒளித்தவன் நான் ஒருவன்தானா வதனி?

இனிப் புதினம் கேள். பெரியக்கா இங்கே வந்திருக்கிறார். பக்கத்து ஊர் ஸ்ரௌவ்வில்லில் அவரின் மூத்த மகள் வீடு வாங்கியிருக்கிறாள், அங்கே நிற்கிறார். உன் செத்தவீட்டுக்கு விசா கிடைக்கவில்லை, இப்போது கிடைத்தது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, கதவுப் பலகையோ?"

"வதனியின்ர ஸ்கீ அக்கா."

சொல்லத் தொடங்கினேன், நிற்பாட்ட முடியவில்லை. மார்கரெட், தாங்கி, சுத்தியல், எல்லாம். போன் அடித்ததையும், உன்னைப் பார்த்துக்கொண்டே வேலை என்று சொன்னதையும் சொன்னேன். அவர் குளிருக்குள் ஸ்வெற்றரை இழுத்து மூடிக்கொண்டு நின்று கேட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். "எனக்கு அந்த இடத்தைக் காட்டும்" என்றார். பிறகு, "உதையும் கொண்டு வாரும்."

"ஆர் அக்கா சறுக்கிறது? நீங்களோ, நானோ?"

"கொண்டு வாரும் எண்டால் கொண்டு வாருமன்."

ஒரே வயிற்றில் பிறந்ததுகள். போன சனிக்கிழமை, சறுக்குவதற்கு ஒரு ஆளும் இல்லாமல், எழுபது வயது மனுசியோடு நான் அந்தக் கட்டைகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றேன். தாங்கிக் கதை உனக்கு முதலே சொல்லிவிட்டேன். கொண்டோலாவுக்குள் எங்கள் கைகள் வெறுமையாக இருந்தன. பாதி வழியில் நான் கீழே காட்டினேன்.

"இதிலையோ வந்தவள்?"

"ஓம் அக்கா. கையை விரிச்சுக்கொண்டு."

"விழேல்லையோ?"

"விழேல்லை."

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முந்தி என் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு ஒளிச்சது பிழை தம்பி. அவள் கோவிச்சது சரி."

பார்த்தாயா? செத்த பிறகும் உன் பக்கம்தான் வெல்கிறது.

"எனக்குச் சொன்ன பொய்யும் பிழை," என்றார். "பங்கருக்குள்ள இருக்கேக்கை எனக்குத் தலைக்கு மேல விழுகிற செல்லடியை விட அதுதான் யோசனை. வதனி அங்க சாப்பிடாமல் குடியாமல் அழுதுகொண்டு கிடப்பாள் எண்டு. முகாமுக்குள்ளயும் அதே யோசனைதான். அவள் சிரிச்சுக்கொண்டு மலையில இறங்கிறாள் அக்கா எண்டு நீர் அண்டைக்கே சொல்லியிருந்தால், எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்."

இத்தனை வருடம் நானும் நீயும் சேர்ந்து மூடி வைத்திருந்தது, அவருக்கு வேண்டியிருந்த ஒரேயொரு நல்ல செய்தி. கதவு திறந்தது. மேலே நின்றவன் கட்டைகளை எடுத்து என் கையில் தந்துவிட்டு, என் சப்பாத்தையும் அக்காவின் சேலையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் என்னவென்று விளங்கப்படுத்த? அப்படியே திரும்பிக் கீழே வந்தோம்.

உனக்கு ஒளித்தது பிழை, வதனி. அக்கா சொல்லித்தான் எனக்கு விளங்கியது என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான், ஆனாலும் எழுதிவிட்டேன். இனி எது நடந்தாலும், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே உனக்குச் சொல்லுவேன். உனக்குத் தாங்குமா, தாங்காதா என்று நான் தீர்மானிக்கமாட்டேன். இன்றைய செய்தி இதுதான்: உன் அக்கா ஊருக்குத் திரும்பப் போகவில்லையாம், இங்கேயே நிற்கப்போகிறாராம். சொல்லிவிட்டேன்.

உன்னோடு சண்டை முடியாத
உன் புருசன்,
குணம்